சூத்திரத்துக்கு வேலி போட்ட கதை

கணக்குப் பதிவு என்றதும் நைசாக நழுவப் பார்க்கிற மக்களே, கொஞ்சம் நில்லுங்க. இதில் பரீட்சை எதுவும் கிடையாது. குரு-சிஷ்ய மோதல் இருக்கு, அலமாரியில் தூங்கிய ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கு, கடைசியில் ஒரு ராக்கெட் வேறு வெடிக்குது. கணக்கு ஊறுகாய் மாதிரி ஓரமாகத்தான் வரும் :-)

பள்ளிக்கூடத்தில் சார்பு பாடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு முட்டை வரைய வேண்டும். இடது முட்டைக்குள் கொஞ்சம் எண்கள், வலது முட்டைக்குள் கொஞ்சம் எண்கள். இங்கிருந்து அங்கே அம்பு விட வேண்டும். இடது முட்டை சார்பகம் (சில புத்தகங்களில் மதிப்பகம்). வலது முட்டை துணைச் சார்பகம். அந்த வலது முட்டையில் அம்பு குத்திய எண்கள் மட்டும் சேர்ந்தால் வீச்சகம். இடது பக்கம் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் ஒரே ஒரு அம்புதான் கிளம்ப வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு கிளம்பினால் அது சார்பே இல்லை. அவ்வளவுதான் பாடம். "சார்பகம் காண்க, வீச்சகம் காண்க" என்று ஒரு கேள்வி வரும், எழுதுவோம், மார்க் வாங்குவோம், மறந்துவிடுவோம்.

நிறைய பேருக்கு மனசுக்குள் ஒரு கேள்வி இருந்திருக்கும். சூத்திரத்தைத்தான் கொடுத்தாச்சே, எக்ஸுக்கு எண்ணைப் போட்டால் விடை வருது, அப்புறம் எதுக்கு இந்தச் சார்பகம், வீச்சகம் என்கிற சடங்கெல்லாம்? நியாயமான கேள்வி. ஏன்னா இதே கேள்வியைத்தான் ஆய்லர் காலத்துப் பெரிய தலைகள் எல்லாம் வாயால் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதாவது, சார்பகம் என்று ஒன்றை எழுத வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அது தோன்றுவதற்கு ஐரோப்பாவில் கிட்டத்தட்ட 100 வருஷச் சண்டை தேவைப்பட்டது. அந்தச் சண்டையின் கதைதான் இது.

அட்டவணைக்குத் தெரிந்த எல்லை

முதலில் ஒரு விஷயம். சார்பு என்ற சொல் வருவதற்கு ரொம்ப முன்னாடியே சார்பு இருந்தது, அட்டவணை ரூபத்தில். அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், வட்டத்தின் நாண்களுக்கு அரை பாகையிலிருந்து 180 பாகை வரை, அரை அரை பாகையாக 360 வரிகளில் ஒரு அட்டவணை போட்டார். நம்ம ஆரியபட்டர் கி.பி. 499-இல் சைனுக்கான 24 வித்தியாசங்களை ஒரே சுலோகத்தில் அடைத்தார், 225 கலைக்கு ஒன்று வீதம். 1614-இல் நேப்பியர் மடக்கை அட்டவணை வெளியிட்டார்.

அட்டவணையில் ஒரு சௌகரியம். முதல் பத்திதான் சார்பகம், இரண்டாவது பத்திதான் வீச்சகம். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அட்டவணையில் இல்லாததை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் "இல்லை" என்பதுதான் பதில். அட்டவணைக்குத் தன் எல்லை தெரியும்.

சூத்திரம் அப்படி இல்லை. அது எதைப் போட்டாலும் "வா வா" என்று வாங்கிக்கொள்ளும். 17-ஆம் நூற்றாண்டில் இயற்கணிதமும் நுண்கணிதமும் வளர்ந்து, அட்டவணை போன இடத்தில் சூத்திரம் வந்து உட்கார்ந்ததும், அந்த எல்லை காணாமல் போய்விட்டது. வம்பு அங்கே ஆரம்பித்தது.

பெயர் வைத்தவர்கள்

இன்றைக்கு ஆங்கிலத்தில் ஃபங்ஷன் என்கிறோமே, அந்தச் சொல்லை 1673-இல் ஒரு கையெழுத்துப் பிரதியில் லத்தீனில் முதலில் பயன்படுத்தியவர் லைப்னிட்ஸ். ஆனால் அவர் சொன்னது நாம் சொல்கிற பொருளில் இல்லை. ஒரு வளைகோட்டோடு சம்பந்தப்பட்ட தொடுகோடு, செங்கோடு மாதிரியான கோடுகளைத்தான் அப்படிச் சொன்னார். 1718-இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஜோஹான் பெர்னூலி அதைப் படத்திலிருந்து பிரித்து எடுத்தார். ஒரு மாறியையும் சில மாறிலிகளையும் எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக் கட்டிய அளவுதான் சார்பு என்றார்.

ஜோஹானின் சிஷ்யர் ஆய்லர். எஃப் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் மாறியைப் போடுகிற பழக்கத்தை 1734-இல் கொண்டுவந்தவர் இவர்தான். 1748-இல் வந்த அவருடைய பெரிய நூலில் சார்பு என்றால் "பகுமுறைக் கோவை", அதாவது சூத்திரம், என்று அடித்துச் சொல்லிவிட்டார். மாறிக்கு என்னென்ன மதிப்பு போடலாம் என்று ஏதாவது வரம்பு சொன்னாரா? சொன்னார்: எல்லா எண்ணும் போடலாம், கற்பனை எண் உட்பட!

அதே நூலில் இன்னொரு சுவாரசியம். மாறி எப்படி மாறினாலும் மாறாமல் நிற்கிற கோவைகளை (எக்ஸின் பூஜ்யமாவது அடுக்கு எப்போதும் 1 மாதிரி) அவர் உண்மையான சார்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. மாறாத ஒன்று எதைச் சார்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். நம்ம தமிழ்ச் சொல்லை வைத்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரியே தெரியுது. 'சார்பு' என்றால் சார்ந்திருப்பதுதானே? இன்றைய கணக்கில் எல்லா அம்பும் ஒரே எண்ணில் போய்க் குத்தினாலும் அது சார்புதான், வீச்சகத்தில் ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான். தமிழ்ச் சொல் ஆய்லர் காலத்து அர்த்தத்தைச் சுமந்துகொண்டு இருக்கிறது. 'சார்பகம்' என்பதில் உள்ள 'அகம்' மட்டும் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மாறி குடியிருக்கிற வீடு. அந்த வீடு கட்டின கதைக்கு வருவோம்.

முதல் சண்டை: மைனஸ் ஒன்றுக்கு மடக்கை உண்டா?

1712, 1713-இல் லைப்னிட்ஸுக்கும் ஜோஹான் பெர்னூலிக்கும் கடிதத்தில் ஒரு தகராறு. குறை எண்களுக்கு மடக்கை உண்டா, இல்லையா?

பெர்னூலி: தாராளமா உண்டு. மைனஸ் 1-ஐ வர்க்கம் பண்ணினால் 1. வர்க்கத்தின் மடக்கை, எண்ணின் மடக்கையைப் போல இரண்டு மடங்கு. 1-ன் மடக்கை 0. ஆகவே மைனஸ் 1-ன் மடக்கையும் 0. முடிஞ்சது சோலி.

லைப்னிட்ஸ்: அதெப்படி? மடக்கை என்பது அடுக்கு. எந்த அடுக்கு கொடுத்தாலும் 2 குறை எண்ணாக ஆகாதே. மடக்கைக்கான முடிவிலித் தொடரில் போட்டுப் பார்த்தால் மைனஸ் 2, மைனஸ் 2, மைனஸ் 3-க்குக் கொஞ்சம் குறைவு என்று குறை எண்களாகவே கூடிக்கொண்டு போகிறது, அது எப்படி 0 ஆகும்?

இன்றைய பாஷையில் லைப்னிட்ஸ் சொன்னது இதுதான்: 2-ன் அடுக்கு என்கிற சார்புக்கு எல்லா மெய்யெண்ணும் சார்பகம், ஆனால் வீச்சகம் மிகை எண்கள் மட்டும். மடக்கை என்பது அந்த அம்புகளைத் திருப்பி விடுவது. திருப்பி விட்டால் பழைய வீச்சகம்தான் புதிய சார்பகம். அம்பு குத்தாத இடத்திலிருந்து எப்படி அம்பு கிளம்பும்? ஆனால் சார்பகம், வீச்சகம் என்ற சொற்கள் அவர்கள் கையில் இல்லை. இரண்டு பேரும் "மடக்கை" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர் டீக்கடை அரசியல் மாதிரியே :-)

இதைத் தீர்த்தவர் ஆய்லர். பெர்லின் அகாடமிக்காக 1749-இல் எழுதி 1751-இல் அச்சான கட்டுரையில், குரு சொன்னதும் தப்பு, லைப்னிட்ஸ் சொன்னதிலும் குறை இருக்கு என்றார். ஒவ்வொரு எண்ணுக்கும் மடக்கை ஒன்று அல்ல, கணக்கில்லாமல் இருக்கிறது. மிகை எண்ணுக்கு அதில் ஒன்று மட்டும் மெய், மற்றதெல்லாம் கற்பனை. குறை எண்ணுக்கு எல்லாமே கற்பனை. மைனஸ் 1-க்குப் பையின் ஒற்றைப்படை மடங்குகளைக் கற்பனை அலகால் பெருக்கினால் வருகிறவை எல்லாம் மடக்கைகள். மாணவர் குருவைத் திருத்தினார். குரு அதைப் பார்க்கவில்லை, 1748 ஜனவரி 1 அன்றே போய்ச் சேர்ந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர் தாலம்பேர் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஆய்லர் விடை சரிதான். ஆனால் அதில் ஒரு எண்ணிலிருந்து கணக்கில்லாத அம்புகள் கிளம்புகின்றன. முட்டைப் படத்தின் சட்டம் உடைகிறது. இந்த ஓட்டையை 1851-இல் ரீமான் தன் முனைவர் பட்ட ஆய்வில் அடைத்த விதம் அழகு. அம்பைக் குறைக்கவில்லை, சார்பகத்தையே மாற்றினார். தட்டையான தளத்துக்குப் பதிலாக, மேலேயும் கீழேயும் முடிவில்லாமல் போகிற சுழல் படிக்கட்டு மாதிரி ஒரு பரப்பு. படிக்கட்டில் ஒரு சுற்று சுற்றி வந்தால் அதே எண்ணுக்கு மேலே அடுத்த மாடியில் நிற்பீர்கள். மாடிக்கு ஒரு மடக்கை. வீடு சரியாகக் கட்டினால் சண்டையே இல்லை.

இரண்டாவது சண்டை: வீணைத் தந்தி

இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய தந்தி. நடுவில் விரலால் இழுத்து விட்டால் எப்படி ஆடும்? 1747-இல் தாலம்பேர் இதற்குச் சமன்பாடு எழுதித் தீர்வும் கொடுத்தார். (பிறந்த குழந்தையாக 1717-இல் பாரிஸில் ஒரு தேவாலய வாசலில் விடப்பட்டவர் இவர். அந்தத் தேவாலயத்தின் பெயரே அவருக்கு வைக்கப்பட்டது.) அடுத்த வருஷமே ஆய்லர் புகுந்தார். ஆரம்பத்தில் தந்திக்கு எந்த வடிவம் கொடுக்கலாம் என்பதில்தான் வம்பு.

தாலம்பேர் சொன்னது: ஒரே சூத்திரத்தில் அடங்குகிற வடிவம் மட்டும்தான் செல்லும். ஆய்லர் சொன்னது: அட போங்க சார், விரலால் இழுத்த தந்தி முக்கோணம் மாதிரி இருக்கு, இடது பாதிக்கு ஒரு சூத்திரம், வலது பாதிக்கு வேறு சூத்திரம், இயற்கை அதை வேண்டாம் என்றா சொல்லுது? கையால் கிறுக்கின கோடு கூடச் செல்லும்.

1753-இல் மூன்றாவது ஆள் வந்தார். டானியல் பெர்னூலி, ஜோஹானின் மகன். அவருக்கு இசை ஞானம் கைகொடுத்தது. ஒரு தந்தியில் அடிச்சுருதியோடு கூடவே மேல்சுருதிகளும் கேட்கிறதே, ஆகவே எந்த வடிவமும் சைன் அலைகளின் கூட்டல்தான் என்றார். ஆய்லர் இதை ஏற்கவில்லை. சைன் கூட்டல் ஒரு சூத்திரம், திரும்பத் திரும்ப அதே வடிவில் வரும், கையால் கிறுக்கின கோட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். 1759-இல் 23 வயது லக்ராஞ்ச் நாலாவது ஆளாக வந்து சேர்ந்தார். முடிவு? ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள், தந்தியைப் போலவே.

இந்த நாலு பேரும் சாதாரண ஆட்களா? அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மூளைகள். அவர்களை முட்டவிட்டது ஒரு நம்பிக்கை: இரண்டு சூத்திரங்கள் ஒரு துண்டு இடைவெளியில் ஒத்துப்போனால் எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். "இந்தச் சமன்பாடு தந்தியின் நீளத்துக்குள் மட்டும் உண்மை, வெளியே என்ன ஆனால் நமக்கென்ன" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்த ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கியிருக்கும்.

1 + 2 + 4 + 8 + ... = மைனஸ் 1

வேலி இல்லாத சூத்திரம் எப்படியெல்லாம் மேயும் என்பதற்கு ஒரு உதாரணம். 1-ஐ (1 - எக்ஸ்) ஆல் வகுத்தால் 1 + எக்ஸ் + எக்ஸ் வர்க்கம் + எக்ஸ் கனம் என்று போய்க்கொண்டே இருக்கும். எக்ஸ் அரை என்றால் 1 + 1/2 + 1/4 + ... = 2. அருமை. எக்ஸ் 2 என்றால்? இடது பக்கம் மைனஸ் 1. வலது பக்கம் 1 + 2 + 4 + 8 + ... மிகை எண்களை மட்டும் கூட்டிக்கொண்டே போய்க் குறை எண் வருகிறது!

ஆய்லர் இதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. ஒரு தொடரின் கூட்டுத்தொகை என்றால் அது எந்தக் கோவையிலிருந்து பிறந்ததோ அந்தக் கோவையின் மதிப்பு என்று வைத்துக்கொண்டார். அவருக்கு முன்னாடியே 1703-இல் இத்தாலியத் துறவி கிராந்தி, 1 - 1 + 1 - 1 + ... என்பதை அரை என்றார். இரண்டிரண்டாகச் சேர்த்தால் அதே தொடர் பூஜ்யம் + பூஜ்யம் + பூஜ்யம். சூன்யத்திலிருந்து உலகம் படைக்கப்பட்டதற்கு இதை ஒப்பிட்டாராம். (இப்படிப்பட்ட தொடர்களுக்கு ஒழுங்கான வேறு வகைக் கூட்டல் விதிகள் பின்னாளில் வந்தன என்பது தனிக்கதை. ஆனால் அது சாதாரணக் கூட்டல் இல்லை.)

தையல்காரர் மகன்

இப்போது கதாநாயகன். ஃபூரியே, 1768-இல் பிரான்ஸில் ஓசேர் என்ற ஊரில் ஒரு தையல்காரர் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் மாட்டி 1794-இல் சிறைக்குப் போனார். 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். திரும்பி வந்ததும் கிரெனோபிளில் ஆட்சியர் வேலை. நம்ம ஊர் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் நிர்வாகம், மீதி நேரத்தில் வெப்பம் பற்றிய ஆராய்ச்சி.

1807 டிசம்பரில் பாரிஸில் இருந்த தேசிய அறிஞர் மன்றத்திடம் ஒரு கட்டுரை கொடுத்தார். எந்தச் சார்பையும் சைன், கொசைன் கூட்டலாக எழுதலாம் என்றார். டானியல் பெர்னூலி சொன்னதேதான், ஆனால் இவர் கெழுக்களைக் கணக்கிட வழியும் கொடுத்தார். பரிசீலனைக் குழுவில் யார்? லப்லாஸ், மோன்ஜ், லக்ருவா, அப்புறம் 71 வயது லக்ராஞ்ச். 23 வயதில் தந்திச் சண்டையில் இறங்கிய அதே லக்ராஞ்ச்! அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுரை வெளியாகவில்லை.

ஃபூரியே போட்ட ஒரு கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொசைன், கழித்தல் மும்மடங்கு கோணத்தின் கொசைனில் 3-ல் ஒரு பங்கு, கூட்டல் ஐந்து மடங்கின் கொசைனில் 5-ல் ஒரு பங்கு, இப்படியே முடிவில்லாமல்.

கோணம் 0 பாகை என்றால் எல்லாக் கொசைனும் 1. தொடர் 1 - 1/3 + 1/5 - 1/7 + ... இது பையில் கால் பங்கு, சுமாராக 0.785. (லைப்னிட்ஸ் தொடர் என்று பேர். ஆனால் அவருக்கு ரொம்ப முன்னாடியே கேரளத்தில் மாதவர் வழிவந்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் யுக்திபாஷையில் நிரூபணமே இருக்கிறது.) கோணத்தை 10, 30, 80, 89 பாகை என்று மாற்றிக்கொண்டே போங்கள். விடை அசையவே அசையாது, அதே 0.785. சரியாக 90 பாகை என்றால் எல்லாக் கொசைனும் பூஜ்யம், விடை 0. 90-ஐத் தாண்டியதும்? மைனஸ் 0.785. 270 வரை அப்படியே.

அதாவது ஒரே சூத்திரம். ஒரு இடைவெளியில் ஒரு மாறிலி, அடுத்த இடைவெளியில் வேறு மாறிலி. "துண்டில் ஒத்துப்போனால் முழுசும் ஒத்துப்போகும்" என்ற நூற்றாண்டு நம்பிக்கைக்கு இதுதான் மரண அடி. இந்தத் தொடரும் பையில் கால் பங்கும் சமமா என்று கேட்டால், "எந்த இடைவெளியில்?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. சார்பகம் என்ற வேலி சூத்திரத்தைச் சுற்றி விழுந்த இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஃபூரியே விடவில்லை. 1811-இல் திருத்தி எழுதி அகாடமிப் போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது, கூடவே "கறார்த்தன்மை போதாது" என்று ஒரு குட்டும் கிடைத்தது. அச்சிடவில்லை. 1822-இல் வெப்பம் பற்றிய தன் பெரும் நூலைத் தானே வெளியிட்டார். அதே வருஷம் அகாடமியின் நிரந்தரச் செயலாளராக ஆனார். ஆனதும், பரிசு வாங்கி அலமாரியில் கிடந்த தன் கட்டுரையை அகாடமி வெளியீட்டிலேயே அச்சேற்றினார். கலெக்டர் உத்தியோகம் பார்த்தவரிடமா விளையாடுவது? 1807-இன் மூலக் கட்டுரை முழுசாக அச்சுக்கு வந்தது எப்போது தெரியுமா? 1972-இல்!

வேலிக்குச் சட்டம் எழுதியவர்கள்

1821-இல் கோஷி, பாரிஸ் மாணவர்களுக்கான தன் பாடநூலின் முன்னுரையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். பெரும்பாலான சூத்திரங்கள் சில நிபந்தனைகளில், சில மதிப்புகளுக்கு மட்டும்தான் உண்மை, அந்த எல்லையைச் சொல்ல வேண்டியது நம் கடமை, ஒருங்காத தொடருக்குக் கூட்டுத்தொகையே கிடையாது. 1 + 2 + 4 + 8 கடை அன்றோடு மூடப்பட்டது.

அடுத்து டிரிக்லே என்ற ஜெர்மானிய இளைஞர். 1820-களில் பாரிஸில் படித்தபோது ஃபூரியேயோடு பழகியவர். ஃபூரியே "எந்தச் சார்பும்" என்றாரே, அது எந்த அளவுக்கு உண்மை என்று 1829-இல் முதல் முறையாக ஒழுங்காக நிரூபித்தார். அந்தக் கட்டுரையின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வேதாளத்தை இறக்கிவிட்டார்: எக்ஸ் விகிதமுறு எண் என்றால் ஒரு மதிப்பு, இல்லை என்றால் இன்னொரு மதிப்பு. 1, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்பகம் முழு எண்கோடு. வீச்சகம் இரண்டே எண்கள். இதைப் படமாக வரையவே முடியாது. 1837-இல் இன்னும் தெளிவாகச் சொன்னார்: இடைவெளியில் உள்ள ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரு ஒய் கிடைத்தால் போதும். அது ஒரே விதிப்படி கிடைக்க வேண்டியதில்லை, சூத்திரமே வேண்டியதில்லை.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். 1748-இல் சூத்திரம்தான் சார்பு, சார்பகம் என்ற பேச்சே இல்லை. 1837-இல் சார்பகம் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது, சூத்திரம் விருப்பப்பட்டால் வரலாம். 89 வருஷத்தில் தலைகீழ்.

அதன் பிறகு கதவு திறந்த மாதிரி ஆயிற்று. 1872-இல் வையர்ஸ்ட்ராஸ், எங்குமே அறுபடாத ஆனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு இல்லாத ஒரு சார்பைக் காட்டினார். பெரியவர் எர்மீட்டுக்கு இந்த மாதிரி ஐட்டங்களைக் கண்டால் குமட்டியது, 1893-இல் ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார். இன்னொரு பக்கம் கேண்டர், ஃபூரியே தொடர்கள் எந்தெந்தப் புள்ளிகளில் தவறினாலும் பாதகமில்லை என்று ஆராயப் போய், 1870-களில் கணக் கோட்பாட்டையே உருவாக்கினார். சார்பகம் என்ன மாதிரிக் கூட்டம் என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. 1888-இல் டெடகின்ட் எண் அல்லாத பொருள்களுக்கும் சேர்த்து அம்பு விடலாம் என்றார். கடைசியாக, பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுக் கூட்டணி, 1954-இல் சார்பு என்றால் மூன்று சாமான்கள் என்று முடித்து வைத்தது: இடது முட்டை, வலது முட்டை, அம்புகள். மூன்றில் ஒன்று மாறினாலும் அது வேறு சார்பு. 1957-இல் ஸ்புட்னிக் பறந்து, பதறிய அமெரிக்கா கணக்குப் பாடத்தைப் புரட்டிப் போட்டபோது கணங்களும் முட்டைகளும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தன. பிறகு உலகம் முழுக்கப் பரவின.

வேலி உடைந்தால் என்ன ஆகும்?

"சரி, கணக்கு வாத்தியார்களுக்கு இது முக்கியம், எனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு, குறிப்பாகப் பொட்டி தட்டும் சகோதர சகோதரிகளுக்கு, இது.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். அரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். உள்ளே நாலு விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள். கிளம்பிச் சுமார் 40 விநாடியில் திசை மாறி, உடைந்து, தன்னைத்தானே வெடித்துக்கொண்டது.

காரணம் ஒரு சார்பு. ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றுகிற சின்ன வேலை. 16 பிட்டில் மைனஸ் 32768 முதல் 32767 வரைதான் அடங்கும். நிரல் அரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்தது. அரியான் 4-இல் அந்த எண் அவ்வளவு பெரிதாக ஆகவே ஆகாது. அரியான் 5 வேகமாகச் சாய்ந்து போகிற ராக்கெட், எண் பெரிதாயிற்று, வலது முட்டையில் இடமில்லை. மாற்றுக் கணினியும் அதே நிரல், ஆகவே அதுவும் அதே மாதிரி மண்டையைப் போட்டது. செத்த கணினி அனுப்பிய பிழைத் தகவலைப் பறக்கும் தகவல் என்று நினைத்து முதன்மைக் கணினி ராக்கெட்டைத் திருப்பியது.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கிய விஷயம் இது. இப்படி ஆபத்தான மாறிகள் மொத்தம் ஏழு. நாலுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். கணினியின் சுமை கூடக் கூடாது என்று மூன்றை விட்டுவிட்டார்கள். அவை இயல்பாகவே ஒரு எல்லைக்குள்தான் இருக்கும், அல்லது எல்லைக்கு ரொம்பத் தள்ளி இருக்கும் என்று நம்பினார்கள். அரியான் 4-க்கு அது உண்மை. சார்பகம் மனசுக்குள் இருந்தது, கூடவே ஏவப்பட்ட நிரலில் எழுதப்படவில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு அரியான் 5-க்குத் தேவையில்லாத ஒன்று!

விசாரணைக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? ழாக்-லூயி லியோன்ஸ். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுக் கணித மேதை. தாலம்பேர் தந்திக்கு எழுதியது, ஃபூரியே வெப்பத்துக்கு எழுதியது எல்லாம் அந்த வகைச் சமன்பாடுகள்தான். அந்தப் பரம்பரைக்காரரே வந்து, சார்பகம் எழுதாததால் உடைந்த ராக்கெட்டுக்குப் பிரேதப் பரிசோதனை செய்தார்.

சூத்திரத்தின் பக்கத்தில் சின்ன எழுத்தில் "எக்ஸ் 0-ஐ விடப் பெரியது" என்று போட்டிருப்பார்கள். அது மார்க் வாங்க எழுதுகிற வரி இல்லை. இது எங்கே வரைக்கும் உண்மை என்று சூத்திரம் தானாகச் சொல்லாது, எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். ஆய்லருக்கே அது தோன்றவில்லை என்றால், பத்தாம் வகுப்புப் பிள்ளை "எதுக்கு இதெல்லாம்" என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டால் முட்டை வரையச் சொல்வதற்கு முன்னாடி, ஃபூரியே கணக்கைக் கால்குலேட்டரில் 89 பாகைக்கும் 91 பாகைக்கும் போட்டுக் காட்டுங்கள். நூறு நூற்றைம்பது உறுப்பாவது கூட்ட வேண்டியிருக்கும், பொறுமை தேவை. ஆனால் விடை பிளஸிலிருந்து மைனஸுக்குத் தாவுவதை ஒரு தடவை பார்த்த பிள்ளை, அப்புறம் சார்பகத்தைக் கேட்காமல் எந்தச் சூத்திரத்தையும் நம்பாது.